சத்தம் கேட்ட கணக்கு

முதல் பதிவு ஜனவரி 12, திங்கள்கிழமை. ஓடோமீட்டர் 86,400. “இடது முன்பக்கம் டொக்டொக். கோவை சுங்கம் தாண்டி, 15 கி.மீ. வேகம். அம்மா கூட இருந்தார்.”

கடைசிப் பதிவு பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. ஓடோமீட்டர் 87,412. “சத்தம் இல்லை.”

இடையில் 47 நாட்கள், 1,012 கிலோமீட்டர். அதில் சத்தத்தைத் தேடுவதற்கென்றே ஓட்டியது 403 கிலோமீட்டர். மொத்தச் செலவு 14,214 ரூபாய். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் எண்களைக் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. கொஞ்சம் தாமதமாகக் காப்பாற்றியது என்பதும் அதே நோட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வாரத்துக்கு 3 நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டிலிருந்து 6.2 கிலோமீட்டர். காருக்கடியில் டொக்கென்று ஒலிக்கும்போதெல்லாம் அவர் கை மேலே உள்ள பிடியைப் பற்றும், கால் இறுகும். ஒரு நாள் போகும் வழியில் எண்ணினேன்: 31 முறை. 200 மீட்டருக்கு ஒன்று. பயிற்சியில் தளர்த்திய காலை என் காரே வழிநெடுக இறுக்கிக்கொண்டிருந்தது. சத்தத்தைச் சகித்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் காலைப் பார்த்ததில்லை.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கினேன். காரைக் காலி செய்தேன். முன் டப்பா, கதவுப் பைகள், சீட்டுக்கடி, டிக்கி எல்லாவற்றிலும் இருந்ததை அள்ளி எடை போட்டால் 11.4 கிலோ. தண்ணீர் பாட்டில் 3, கண்ணாடிக் கூடு, எப்போதோ வாங்கிய டார்ச், 7 நாணயங்கள். நாணயங்களின் மதிப்பு 23 ரூபாய்; அவற்றில் ஒன்று ஹேண்ட்பிரேக் ஓரத்தில் நின்றபடி கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. டிக்கியில் ஜாக்கியைத் திருகி அதன் கூட்டில் இறுக்கினேன், ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தேன். சில்லறைச் சத்தங்கள் போயின. டொக்டொக் அப்படியே இருந்தது. யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் இது அரை மணி நேர வேலை, இதைச் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் 5 ரூபாய் நாணயத்தைத் தேடி டேஷ்போர்டைக் கழற்றுவார்கள்.

ஜனவரி 19 அன்று முதல் ஒர்க்‌ஷாப். சாவியை வாங்கியவர் ஓட்டிப் பார்த்தது 4 நிமிடம். “ஸ்ட்ரட் மவுண்ட் போயிருக்கும்” என்றார். போயிருக்கும் என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. மவுண்ட் 2, ஒன்று 1,150 வீதம் 2,300. கழற்றி மாட்ட 1,600. சஸ்பென்ஷனைத் தொட்டதால் வீல் அலைன்மென்ட் 450. ஆக 4,350. வெளியே வந்து முதல் சாக்கடை மூடியில் ஏறியதும் டொக்.

ஜனவரி 24 அன்று வேறொரு இடம். அங்கே ஓட்டியே பார்க்கவில்லை. “ஒன்பது வருசத்து வண்டி, டேஷ்போர்டு தளர்ந்திருக்கும்” என்று சொல்லி டேஷ்போர்டை இறக்கி, துணி டேப் ஒட்டி ஏற்றினார்கள். வேலைக்கு 2,500, டேப்புக்கு 380. ஆக 2,880. சத்தம் போகவில்லை. மூன்று நாள் கழித்து நோட்டில் ஒரு புதிய வரி சேர்ந்தது: “காலை 6.40. டிக்டிக். வலது காதுக்குப் பக்கத்தில், தூணில்.” அந்த வரியை எழுதியபோது அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை 7,230 ரூபாய். யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பில்லைப் பாருங்கள்: பாகத்துக்கு ஒரு வரி இருக்கிறது, கழற்றி மாட்டுவதற்கு ஒரு வரி இருக்கிறது, இரண்டுக்கும் கீழே ஜிஎஸ்டி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். அதற்கு முன் பல 28 சதவீதத்தில் இருந்தன. கேட்பதற்கு, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காதைக் கொடுப்பதற்கு, எந்த வரியும் இல்லை. வருமானம் வராத வேலையை யாரும் நீட்ட மாட்டார்கள். ஆகவே 4 நிமிடம் கேட்டுவிட்டு 4,350 ரூபாய்க்கு மாற்றுகிறார்கள்.

ஜனவரி 31 அன்று கோவையின் கணபதி பகுதியில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். 60 வயது இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஏனுங்க டீச்சர், சத்தம் எப்படிங்க வருது? டொக்டொக்குங்குதா, கடகடங்குதா, ஜிர்ருங்குதா?”

“டொக்டொக்குங்ண்ணா. சில நேரம் ஜிர்ருன்னும் வருது. காலைல டிக்டிக்.”

“அப்ப ஒண்ணு இல்லீங்க, மூணு.”

பள்ளியில் இரட்டைக்கிளவி, ஒலிக்குறிப்பு என்று படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்த சொற்கள். அவர் அவற்றைக் கருவியாகக் கையாண்டார். டொக்டொக் என்றால் கனமான இரும்பு, இடைவெளியோடு மோதுகிறது. ஜிர்ரென்றால் மெல்லிய தகடு, மோட்டாரின் அதிர்வோடு ஓடுகிறது. டிக்டிக் என்றால் சிறியது, கடினமானது, பெரும்பாலும் பிளாஸ்டிக். கிறீச்சென்றால் மோதல் கிடையாது, உராய்வு. ஒரு சொல்லிலேயே எடை, பொருள், இயக்கம் மூன்றும் வந்துவிடுகின்றன. நான் முதல் இரண்டு இடங்களிலும் “ஏதோ சத்தம் வருது” என்றுதான் சொன்னேன். 7,230 ரூபாயில் என் பங்கும் இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய் தருகிறேன், என்னோடு வந்து கேளுங்கள் என்றேன். வண்டியில் வருவதற்கு எதற்குக் காசு என்றார். பிடிவாதமாக இருந்தேன்.

அவர் சொன்ன முதல் சோதனைக்கு வேண்டியது 5 மீட்டர் தேங்காய் நார்க் கயிறு, 25 மில்லிமீட்டர் தடிமன். விலை 110 ரூபாய். போக்குவரத்தில்லாத ஒரு லே-அவுட் தெருவில் கயிற்றைக் குறுக்கே போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றினோம். போன் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தது. கணக்கு இது: 20 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 5.56 மீட்டர். என் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.43 மீட்டர். முன்சக்கரம் கயிற்றில் ஏறி 0.44 வினாடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். பதிவில் இரண்டு தடங்கல்களும் தனித்தனிக் கூம்புகளாகத் தெரியும். டொக் எந்தக் கூம்போடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் முன்னா பின்னா என்பது முடிந்துபோகும். முதல் கூம்பு. முன்பக்கம்.

அடுத்து கயிற்றை மடித்து இடது சக்கரத்துக்கு மட்டும் போட்டோம்: டொக், பலமாக. வலதுக்கு மட்டும்: டொக், கொஞ்சம் மெல்ல. மறுபடி முழுத் தெருவுக்கும் நேராகப் போட்டு மெதுவாக, இரண்டு சக்கரமும் ஒரே கணத்தில் ஏறும்படி ஓட்டினால், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதல் ஓட்டத்தில் கயிறு சற்றுக் கோணலாகக் கிடந்திருக்கிறது, அதனால்தான் கேட்டது. இந்த இடத்தில் அவர் சிரித்தார். எனக்குப் புரியவில்லை.

புரிந்தபோது 4,350 ரூபாயின் மேல் வருத்தம் வந்தது. முன்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஒரு வளைந்த கம்பி இணைக்கிறது, ஸ்டெபிலைசர் பார். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஏறினால் முறுக்கே கிடையாது. அந்தக் கம்பியையும் ஸ்ட்ரட்டையும் பிணைப்பது ஒரு சாண் நீளமுள்ள லிங்க் ராட், இரண்டு முனையிலும் பந்து மூட்டு. மூட்டு தேய்ந்திருந்தால் ஒற்றைச் சக்கரப் பள்ளத்தில் மட்டும் டொக்கும். ஸ்ட்ரட் மவுண்ட் கெட்டிருந்தால் இரண்டு சக்கரமும் ஏறும்போதும் சத்தம் வந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவில், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில், ஒழுங்காகப் போட்ட ஒரு வேகத்தடை இருக்கிறது. ஜனவரி 14 தேதியிட்ட என் பதிவில் “வேகத்தடையில் சத்தம் இல்லை, ஆச்சரியம்” என்று எழுதியிருக்கிறேன். விடை என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கு 5 நாள் கழித்து மவுண்ட் மாற்றப் பணம் கட்டினேன்.

தேய்ந்ததில் வியப்பில்லை. டயர் 165/80 ஆர்14. அதன் சுற்றளவு 1.95 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 86,400 கிலோமீட்டரில் ஒவ்வொரு சக்கரமும் 4 கோடியே 40 லட்சம் முறைக்கு மேல் சுழன்றிருக்கிறது. கோவையில் சாலையைத் தோண்டி மூடிய இடங்களில் எத்தனை லட்சம் சுழற்சி போயிருக்கும் என்று என்னால் கணக்கிட முடியாது. பிப்ரவரி 7 அன்று அவர் ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொண்டு என்னைக் காரை ஆட்டச் சொன்னார். ஆட்டம் விரலுக்கே தெரிந்தது. லிங்க் ராட் 2, தலா 780, ஆக 1,560. வேலைக்கு 500. முக்கால் மணி நேரத்தில் முடித்தார். அன்றைக்கு பிசியோதெரபிக்குப் போகும் 6.2 கிலோமீட்டரில் டொக்கின் எண்ணிக்கை: 0.

அதே நாளில் ஜிர்ர் பெரிதாகக் கேட்டது. புதிதாக ஒன்று கெட்டுவிட்டதோ என்று பதறினேன். கெடவில்லை. ஒலியின் கூட்டல் நம் கூட்டல் போன்றதல்ல: சம அளவுள்ள இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஆனால் பெரிய சத்தம் சின்னதை மூடி மறைக்கும். மூடியை எடுத்தால் கீழே இருப்பது தெரிகிறது. மின்சாரக் கார்களில் உட்பாகச் சத்தம் அதிகம் என்று சிலர் குறைசொல்வதன் காரணமும் இதுதான், அங்கே மூடுவதற்கு எஞ்சின் இல்லை. கார் நிறுவனங்கள் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. ஆங்கில முதலெழுத்துகளால் பி.எஸ்.ஆர். என்பார்கள். நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு ஹைட்ராலிக் தூண்களை நிறுத்தி, சாலையின் குலுக்கலை அறைக்குள்ளேயே காருக்குக் கொடுத்து, ஆட்கள் உள்ளே உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பது அங்கே சம்பளமுள்ள வேலை.

ஜிர்ர் எளிது. மூன்றாம் கியரில் 43 கி.மீ. வேகத்திலும் நான்காம் கியரில் 58 கி.மீ. வேகத்திலும் வந்தது. வேகம் வேறு, ஆனால் எஞ்சின் சுழற்சி இரண்டிலும் நிமிடத்துக்கு 2,200. நிறுத்தி நியூட்ரலில் வைத்து 2,200க்கு ஏற்றினாலும் வந்தது. ஆகவே சாலைக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்பு. 2,200 சுழற்சியில் வினாடிக்கு 73. அந்த 73க்கு எந்தத் தகடோ இசைந்து அதிர்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், சைலன்சர் குழாய்க்கு மேலே உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் துளை துருப்பிடித்து அகன்றிருந்தது. புதுத் தகடு வேண்டாம் என்று அவரே சொன்னார். பெரிய ஹோஸ் கிளாம்ப் 2, தலா 45, சுற்றிப் போட்டு இறுக்க 150. மொத்தம் 240 ரூபாய், 25 நிமிடம். பிப்ரவரி 14.

மூன்றாவதுதான் நாட்களைத் தின்றது. என் கையில் 33 ஒலிப்பதிவுகள் இருந்தன. காலையில் எடுத்தவை 19, அவற்றில் 17ல் டிக்டிக் இருக்கிறது. பிற்பகலில் எடுத்தவை 14, ஒன்றில்கூட இல்லை. அவினாசி சாலையில் ஜி.டி.நாயுடு மேம்பாலத்தின் 10.1 கிலோமீட்டரையும் காலை 6.45க்கு ஒரு முறை, பிற்பகல் 2 மணிக்கு ஒரு முறை என்று ஓட்டினேன். காலையில் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் டிக். பிற்பகலில் அமைதி.

பள்ளி ஆய்வகத்திலிருந்து அகச்சிவப்பு வெப்பமானியைக் கேட்டு வாங்கி டேஷ்போர்டை அளந்தேன். காலை 20 டிகிரி. வெயிலில் நிறுத்தியபின் 61. டேஷ்போர்டின் பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளத்தில், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.012தான் நீளும். என் டேஷ்போர்டு 1.3 மீட்டர். 41 டிகிரி ஏற்றத்தில் பிளாஸ்டிக் 4.3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும்; அதன் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம் அதே அளவு சூடானாலும் 0.6தான். வித்தியாசம் 3.6 மில்லிமீட்டருக்கு மேல். சூட்டில் பிளாஸ்டிக் நகர்ந்து, தளர்வாய்த் தொங்கும் எதையோ நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்தால் விட்டுவிடுகிறது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தண்டவாள இடைவெளியை உதாரணம் காட்டுகிறேன். இனி இதைக் காட்டுவேன்.

எது தொங்குகிறது? சத்தம் வலது தூணில் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். மெக்கானிக் நம்பவில்லை. “காது பொய் சொல்லாதுங்க, ஆனா இரும்பு சொல்லும்” என்றார். அவர் சொன்னதற்கு எண் இருக்கிறது. காற்றில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும், இரும்பில் ஏறத்தாழ 5,000. இடது கோடியில் எழும் தட்டல் இரும்புச் சட்டம் வழியாக 1.3 மீட்டரைக் கடந்து வலது தூணுக்கு வர 0.26 மில்லிவினாடி போதும். காற்று வழியே 3.8 மில்லிவினாடி ஆகும். இரண்டு காதுகளுக்கு இடையே ஒலி வந்துசேரும் கால வேறுபாடு அதிகபட்சம் 0.7 மில்லிவினாடிக்குள்தான், அதைக்கொண்டே நாம் திசையறிகிறோம். முதலில் வந்த ஒலி எங்கிருந்து வந்ததோ அதுதான் இடம் என்று மூளை முடிவுகட்டிவிடும். தூண் என் காதிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு, காலை 6.30. பேவர் பிளாக் பதித்த ஒரு தெருவில் 15 கி.மீ. வேகத்தில் நான் ஓட்ட, அவர் இடது சீட்டில் முன் டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கையை விட்டு ஒவ்வொரு ஒயர் கற்றையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். பிடிப்பார், 50 மீட்டர் ஓட்டுவோம், விடுவார். ஏழாவது பிடியில் நின்றது. விட்டார், டிக்டிக். பிடித்தார், அமைதி. விரலளவு வெள்ளை கனெக்டர். இரும்புச் சட்டத்தில் அதைக் குத்தி நிறுத்தும், மரம்போல் பல்லுள்ள கறுப்பு கிளிப் பாதியில் முறிந்திருந்தது. முறிந்த இடம் புதியது, தூசிகூட படியவில்லை.

நோட்டைப் புரட்டினேன். ஜனவரி 12 முதல் 24 வரை காலைப் பதிவுகளில் டிக்டிக் இல்லை. டேஷ்போர்டை இறக்கி ஏற்றியது 24. முதல் டிக்டிக் 27. அந்த 2,880 ரூபாய் ஒரு சத்தத்தைக்கூடப் போக்கவில்லை, ஒரு சத்தத்தை உண்டாக்கித் தந்தது.

கிளிப் ஒன்று 12 ரூபாய். முன் டப்பா ஓரத்தில் தளர்ந்திருந்த மூன்றுக்கும் சேர்த்து 4 வாங்கினோம், 48. வேலைக்கு 300. மிச்சமிருந்த துணி டேப்பைக் கனெக்டரில் சுற்றினார், ஆகவே அந்த 380ல் ஒரு பகுதியாவது வேலைக்கு ஆனது.

கூட்டல் இப்படி வருகிறது:

கேட்காமல் மாற்றியது: 4,350 + 2,880 = 7,230
கேட்ட கூலி, 4 மணி நேரம்: 1,600
கயிறு: 110
லிங்க் ராட், வேலையோடு: 2,060
வெப்பத் தகடு, வேலையோடு: 240
கிளிப், வேலையோடு: 348
பெட்ரோல், 403 கி.மீ.க்கு 26 லிட்டர், லிட்டர் 101 என்று வைத்து: 2,626
ஆக 14,214

மூன்று சத்தங்களையும் உண்மையில் போக்கிய பாகங்களின் விலை மட்டும் பார்த்தால் 1,698 ரூபாய். முதல் இரண்டு இடங்களில் பாகத்துக்கும் டேப்புக்கும் கொடுத்தது 2,680. இந்த வித்தியாசம் பெரிதாக எனக்குப் படவில்லை. என்னை உறுத்துவது கேட்ட கூலியான 1,600. முக்கால் மணி நேரம் ராடு மாற்றியதற்கு 500 வாங்கிய அதே ஆள், அதைவிடக் கடினமான வேலைக்கு மணிக்கு 400தான் வாங்கினார், அதையும் கூசிக்கூசி. நான் குறைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை 750க்குக் குறையாது.

போனில் உள்ள டெசிபெல் மானி என்ன சொன்னது என்று சிலர் கேட்டார்கள். ஜனவரியில் 64. பிப்ரவரி 27ல் அதே தெருவில், அதே வேகத்தில் 63. ஒரு டெசிபெல். சராசரி எடுக்கும் மானிக்கு, ஒரு வினாடியின் சிறு துளியில் வந்துபோகும் டொக் கணக்கிலேயே வராது. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையானது, அதிலும் எப்போது வரும் என்று தெரியாத ஒலிக்காகக் காத்திருக்கும். அம்மாவின் கை அந்தப் பிடியை இப்போது தொடுவதில்லை. 6.2 கிலோமீட்டரில் 31 இருந்தது 0 ஆனது. இந்த எண்ணுக்குத்தான் பணம் கட்டினேன்.

பிப்ரவரி 27 மாலை மெக்கானிக்கிடம் கணக்கு முடிக்கப் போனேன். கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தை எடுத்தார். லிங்க் ராட் எழுதினார், கிளாம்ப் எழுதினார், கிளிப் எழுதினார். பேனா நின்றது.

“1,600க்கு என்னங்க டீச்சர் எழுதறது? வண்டில சும்மா உக்காந்து வந்ததைப் போய் பில்லுல எழுத முடியுங்களா?”

“எழுதுங்கண்ணா. அதை மொதல்ல எழுதுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். வரிசை எண் 1 என்று போட்டு, கொஞ்சம் யோசித்து, எழுதினார்: “சத்தம் கேட்டது – 4 மணி – ரூ. 1,600.”